ஒரு வாளிச் சாய நீரும் ஒரு நாட்டின் சட்டமும்

சென்ற ஆண்டு எங்கள் பள்ளி ஆண்டு விழாவின்போது, நடன உடைகளுக்குச் சாயம் ஏற்றும் பொறுப்பு எங்கள் வகுப்பிற்குக் கிடைத்தது. தையல் ஆசிரியை சொல்லித் தந்தபடி வெந்நீரில் சாயத் தூளைக் கரைத்தோம். கை நிறைய உப்பை அள்ளி அள்ளிப் போட்டோம். வெள்ளைத் துணிகளை முக்கி எடுத்தோம். துணிகள் யாவும் செம்பருத்திப் பூப்போல் சிவந்துவிட்டன. எங்களுக்கோ ஆனந்தம் தாங்கவில்லை! மிஞ்சிய நீரை என்ன செய்வது என்று ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. சமையற்கட்டுக்குப் பின்னால் உள்ள கனகாம்பரப் பாத்தியில் வாளி வாளியாகக் கொட்டிவிட்டு, கை கழுவப் போய்விட்டோம்.

பத்து நாள் கழிந்தது. கனகாம்பரத்தின் இலைகள் நுனியிலிருந்து கருகத் தொடங்கின. தோட்டக்காரத் தாத்தா வகுப்பு வாசலில் வந்து நின்று, "யாரு பிள்ளைகளா பாத்தியில சாயத் தண்ணிய ஊத்துனது? செடியெல்லாம் வெந்து போச்சே!" என்று கேட்டார். தலைமையாசிரியை சிஸ்டர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. "கொட்டியது நீங்கள், சரி செய்ய வேண்டியதும் நீங்களே" என்று மட்டும் சொன்னார்கள். இரண்டு வாரம் மதிய உணவு இடைவேளையில் பாத்தியின் மேல் மண்ணை அள்ளி அகற்றி, புது மண் கொட்டி, நல்ல நீர் சுமந்து ஊற்றினோம். பாதிச் செடிகளே பிழைத்தன.

"நாம் ஊற்றியது பத்து வாளி. ஒரு தொழிற்சாலை ஆற்றிலே ஊற்றினால் யார் கேட்பார்கள்? அதற்குச் சட்டம் உண்டா?" என்று எங்களுள் ஒருத்தி கேட்டாள். சமூக அறிவியல் ஆசிரியை, "நீங்களே படித்துத் தெரிந்துகொண்டு மலரில் எழுதுங்கள்" என்று பணித்தார்கள். அவ்வாறு நாங்கள் அறிந்தவற்றையே இங்கே எழுதுகிறோம்.

நீருக்குள் இருப்பது என்ன?

வள்ளுவர் கடவுள் வாழ்த்திற்கு அடுத்தபடியாக வான் சிறப்பை வைத்தார். நீரின் பெருமைக்கு வேறு சான்று வேண்டுமோ? அந்த நீர் எவ்வாறு கெடுகிறது என்பதை முதலில் காண்போம்.

பருத்தி நூலும் சாயமும் நீருக்குள் ஒன்றையொன்று விலக்கும் தன்மை உடையவை. உப்பைச் சேர்த்தால் அந்த விலக்கம் தணிந்து, சாயம் நூலைப் பற்றிக்கொள்கிறது. இதிலே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. உப்பு தன் வேலையை முடித்தபின் நூலோடு போவதில்லை. போட்ட உப்பு அனைத்தும் நீரிலேயே தங்கிவிடுகிறது. உப்பு மிகுந்த மண்ணிலிருந்து வேர்களால் நீரை உறிஞ்ச இயலாது. பாடத்தில் சவ்வூடு பரவல் என்று படித்தோமே, அதுவே காரணம். எங்கள் கனகாம்பரம் ஈரமான மண்ணில் நின்றுகொண்டே தாகத்தால் வாடியது!

வீட்டுச் சாக்கடை நீரால் வரும் கேடு வேறு வகையானது. சோறு, எண்ணெய், மலம் முதலிய கழிவுகளை நுண்ணுயிர்கள் தின்று சிதைக்கும்போது நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைப் பயன்படுத்துகின்றன. கழிவு மிகுந்தால் மீன்களுக்குப் பிராணவாயு கிடைப்பதில்லை. ஒரு லிட்டர் நீரில் உள்ள கழிவைச் சிதைக்க எவ்வளவு பிராணவாயு தேவை என்பதை அளந்து, 'உயிர்வேதி ஆக்சிஜன் தேவை' என்கிறார்கள்.

இவ்விரண்டு கேட்டிற்கும் மருந்து ஒன்றல்ல. சாக்கடைக் கழிவை நுண்ணுயிர்களைக் கொண்டே சிதைத்துவிடலாம். உப்பை எந்த நுண்ணுயிரும் தின்னாது. வடிகட்டியாலும் நிறத்தைப் போக்கலாமே ஒழிய உப்பைப் போக்க முடியாது. நீர் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். பயிரோ கருகிப் போகும். ஆகவே, கண்ணால் பார்த்து நீரின் நலத்தைச் சொல்லிவிட முடியாது. அளந்து பார்த்தே ஆகவேண்டும். சட்டத்தின் வேலை இங்கேதான் தொடங்குகிறது.

1974 ஆம் ஆண்டுச் சட்டம்

ஆங்கிலேயர் 1860 இல் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்திலேயே, பொது ஊற்றையோ நீர்த்தேக்கத்தையோ வேண்டுமென்று அசுத்தப்படுத்துவோர்க்கு மூன்று மாதம் வரை சிறையோ 500 ரூபாய் வரை அபராதமோ உண்டு என்று எழுதியிருந்தார்கள். ஒரு மனிதன் செய்யும் குறும்புக்கு அது போதும். இரவும் பகலும் ஓடும் ஆலைக்கு அது எம்மாத்திரம்?

அதனால் இந்திய நாடாளுமன்றம் 1974 இல் நீர் (மாசுத் தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டத்தை நிறைவேற்றியது. நம் அரசியலமைப்பின்படி நீர் என்பது மாநிலங்களின் அதிகாரத்திற்கு உட்பட்டது. எனவே சில மாநிலங்கள் தீர்மானம் இயற்றிக் கேட்டுக்கொண்ட பின்பே நாடாளுமன்றம் இதனை இயற்ற முடிந்தது. மற்ற மாநிலங்கள் பின்னர் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. தமிழ்நாட்டில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982 ஆம் ஆண்டு பிப்ரவரி 27 அன்று அமைந்தது.

சட்டத்தின் சாரத்தை எங்கள் மொழியில் சொல்வதானால் இவ்வளவுதான்: நச்சுப் பொருளை ஆற்றிலோ கிணற்றிலோ தெரிந்தே விடலாகாது. கழிவுநீரை வெளியேற்றப் போகும் எந்தத் தொழிலும் வாரியத்தின் இசைவாணையை முன்கூட்டியே பெற வேண்டும். அந்த ஆணையில் எவ்வளவு நீரை விடலாம், எந்த நிலையில் விடலாம் என்ற நிபந்தனைகள் இருக்கும்.

நாங்கள், "கழிவுநீரை விடவே கூடாது" என்றுதான் சட்டம் சொல்லும் என்று எண்ணியிருந்தோம். அப்படியன்று. இவ்வளவு வரை விடலாம் என்று அது எல்லை வகுக்கிறது. எடுத்துக்காட்டாக, ஆறு, குளம் முதலிய நீர்நிலைகளில் விடும் கழிவுநீருக்குப் பொதுவாக உள்ள அளவுகளைப் பாருங்கள். உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் போகலாகாது. நீரில் மிதக்கும் திடப்பொருள் 100 மில்லிகிராமைத் தாண்டலாகாது. அமில காரத் தன்மை 5.5 முதல் 9 வரைக்குள் இருக்க வேண்டும். கரைந்துள்ள உப்புகளுக்குத் தமிழ்நாட்டில் வைத்த எல்லை 2100 மில்லிகிராம். குடிநீரில் உப்புகள் 500 மில்லிகிராமுக்குள் இருப்பதே நல்லது என்று இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. இரண்டையும் ஒப்பிட்டால் இந்த எல்லை எவ்வளவு இடம் கொடுக்கிறது என்பது விளங்கும். அந்த இடத்தையும் மீறுவோர் உண்டு என்பதே வருத்தம்.

சரி, மீறியதை எப்படி மெய்ப்பிப்பது? சட்டத்தில் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி இது. வாரிய அலுவலர் ஆலைக்குச் சென்று, மாதிரி நீர் எடுக்கப் போவதாக உரிமையாளருக்கு அறிவிப்புத் தர வேண்டும். அவர் முன்னிலையிலேயே நீரை எடுத்து, இரண்டு பகுதியாகப் பிரித்து, இரண்டு கலங்களையும் முத்திரையிட்டு, இருவரும் கையெழுத்திட வேண்டும். ஒன்று வாரியத்தின் ஆய்வுக்கூடத்திற்குப் போகும். உரிமையாளர் கேட்டால் மற்றொன்று வேறோர் ஆய்வுக்கூடத்திற்குப் போகும். குற்றம் சாட்டுவோரும் சாட்டப்படுவோரும் ஒரே நீரைப் பற்றியே பேச வேண்டும் என்பது எவ்வளவு நேர்மையான ஏற்பாடு!

முதலில் வாரியம் ஓர் ஆலையை நிறுத்த வேண்டுமானால் நீதிமன்றத்திற்குப் போக வேண்டியிருந்தது. 1984 இல் நடந்த போபால் விஷவாயு விபத்திற்குப் பின் 1986 இல் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம் வந்தது. 1988 இல் நீர்ச் சட்டமும் திருத்தப்பட்டு, ஆலையை மூடவும் மின்சாரத்தைத் துண்டிக்கவும் ஆணையிடும் அதிகாரம் வாரியத்திற்கே கிடைத்தது. 2024 இல் மீண்டும் ஒரு திருத்தம் வந்தது. பல குற்றங்களுக்குச் சிறைத் தண்டனையை நீக்கி, 10,000 ரூபாய் முதல் 15 இலட்சம் ரூபாய் வரை தண்டத் தொகையை அது வைத்தது. இமாச்சலப் பிரதேசம், இராஜஸ்தான், ஒன்றியப் பிரதேசங்கள் ஆகியவற்றில் முதலில் நடைமுறைக்கு வந்த இத்திருத்தத்தை, மற்ற மாநிலங்கள் தீர்மானம் இயற்றி ஏற்கலாம். சிறைக்கு அஞ்சுவார்களா, பணத்திற்கு அஞ்சுவார்களா என்று எங்கள் வகுப்பில் பட்டிமன்றமே நடந்தது. முடிவு ஏற்படுவதற்குள் மணி அடித்துவிட்டது!

நொய்யல் சொல்லும் கதை

சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓசை கேட்காத தெருக்கள் சிலவே. எங்கள் தோழியர் பலருடைய வீட்டு அடுப்பு தறியை நம்பியே எரிகிறது. உள்ளூரில் வேலை போதாதவர்கள் திருப்பூருக்குப் பேருந்து ஏறுகிறார்கள். எனவே திருப்பூரின் கதை எங்களுக்கு அயலூர்க் கதை அன்று.

பனியன் ஏற்றுமதியால் திருப்பூர் செழித்தது. நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகளின் உப்பு நீர் நொய்யல் ஆற்றில் இறங்கியது. அந்த ஆற்றின் குறுக்கே, கீழே உள்ள ஈரோடு, கரூர்ப் பகுதி நிலங்களுக்குப் பாசனம் தருவதற்காக ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டி 1992 இல் முடித்தார்கள். அணையில் தேங்கியதோ சாயக் கழிவு. அணை கட்டினால் "தண்ணீர் திறந்து விடுங்கள்" என்று கேட்பதே உழவர் வழக்கம். இங்கே உழவர்கள், "எங்களுக்கு இந்தத் தண்ணீர் வேண்டாம்" என்று நீதிமன்றத்திற்குப் போனார்கள். இதனினும் கொடுமை உண்டோ?

சென்னை உயர்நீதிமன்றம் 2006 டிசம்பரில், பட்டறைகள் வெளியேற்றும் கழிவுநீருக்கு லிட்டர் கணக்கில் பைசா விதித்துத் தண்டம் கட்டச் சொன்னது. சுத்திகரிப்பு ஏற்பாடுகளை முடிக்கக் கெடுவும் வைத்தது. 2009 அக்டோபரில் உச்சநீதிமன்றமும், கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்பதை உறுதி செய்து, மூன்று மாதம் தவணை தந்தது. தவணைகள் கடந்தன; ஆறு தெளியவில்லை. இறுதியாக 2011 சனவரி 28 அன்று, கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத நிலையை அடையும் வரை திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூடும்படி உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன.

எங்கள் தோழி ஒருத்தியின் மாமா அப்போது அங்கே ஒரு பட்டறையில் வேலை பார்த்தவர். பையைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பி, ஆறு மாதம் கிடைத்த கூலி வேலைக்குப் போனார் என்று அவளுடைய அம்மா சொன்னார்கள். "ஆறு நல்லா இருக்கணும்தான். ஆனா எங்க அண்ணன் என்ன தப்பு பண்ணுச்சு?" என்றும் கேட்டார்கள். எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

நெடுநேரம் பேசிய பின் எங்களுக்குத் தோன்றியதை எழுதுகிறோம். மாமாவின் வேலையைப் பறித்தது சட்டமன்று. சட்டத்தை முதல் நாளிலிருந்தே கடைப்பிடிக்காததுதான். இசைவாணை தரும்போதே அளந்து, ஆண்டுதோறும் அளந்து, சிறிது மீறியபோதே தடுத்திருந்தால் ஒரே நாளில் அத்தனை கதவுகளையும் அடைக்க நேர்ந்திராது. சட்டம் தூங்கினால் முதலில் உழவன் துன்புறுகிறான். அது திடீரென்று விழித்தால் தொழிலாளி துன்புறுகிறான்.

அதன்பின் வழியும் பிறந்தது. வட்டியில்லாக் கடனாக 200 கோடி ரூபாய் தர மாநில அரசு முன்வந்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் புதிய முறைக்கு மாறின. முதலில் நுண்ணுயிர்களால் கழிவைச் சிதைக்கிறார்கள். பின்பு மிக நுண்ணிய சவ்வின் வழியே அழுத்தத்துடன் நீரைச் செலுத்துகிறார்கள். நீரின் பெரும்பகுதி நல்ல நீராய்ப் பட்டறைக்கே திரும்புகிறது. எஞ்சிய உப்பு நீரைக் காய்ச்சி ஆவியாக்கி, உப்பைப் பிரித்து மறுபடியும் சாயத் தொட்டிக்கே அனுப்புகிறார்கள். இவ்வாறு சீர் செய்துகொண்ட பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன. இதற்கு மின்சாரமும் விறகும் பணமும் ஏராளமாகச் செலவாகின்றன. தரம் குறைந்த கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகத் தங்கி, அதனை எங்கே வைப்பது என்ற தொல்லையும் உண்டு. ஆயினும் இந்தச் செலவு புதிதாக முளைத்ததன்று. முன்பு உழவனின் வயலும் கிணறும் சத்தமின்றிக் கொடுத்துவந்த விலைதான் இப்போது கணக்கில் ஏறியிருக்கிறது.

பாலாற்றுத் தீர்ப்பு

'கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும்' என்ற கொள்கை நம் நாட்டில் வேரூன்றியதற்கும் தமிழ்நாட்டின் வழக்கொன்று பெரும் காரணம் என்று அறிந்தபோது பெருமையும் வேதனையும் ஒருங்கே அடைந்தோம். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றைக் கெடுத்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் என்ற அமைப்பு 1991 இல் உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பு வந்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிருக்கு உதவாமல் போயிற்று என்று அத்தீர்ப்பு எடுத்துரைத்தது. திண்டுக்கல் பகுதியில் 13 கிராமங்களில் ஆராய்ந்த 467 கிணறுகளுள் 350 கெட்டிருந்தன என்ற கணக்கும் அதில் உண்டு. தோல் தொழில் அந்நியச் செலாவணி ஈட்டினாலும், மக்களின் உடல்நலத்தை அழிக்க அதற்கு உரிமையில்லை என்றது நீதிமன்றம்.

இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, 2025 சனவரி 30 அன்று உச்சநீதிமன்றம் மீண்டும் பாலாற்றைப் பற்றித் தீர்ப்புரைக்க நேர்ந்தது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அரசே முதலில் இழப்பீடு தந்துவிட்டு, கெடுத்த ஆலைகளிடமிருந்து அத்தொகையை வசூலிக்க வேண்டும் என்று ஆணையிட்டது. நல்ல தீர்ப்பு ஒன்று வந்தபின்னும் ஓர் ஆறு கால் நூற்றாண்டுக்கு மேல் காத்திருக்க நேரிடுகிறது என்பதை இதிலிருந்து கற்றோம்.

நாமும் கெடுப்பவரே

இவ்வளவும் ஆலைக்காரர்களைப் பற்றியது, நமக்கென்ன என்று எண்ண வேண்டாம். சங்கரன்கோவிலுக்குக் குடிநீராய்க் குழாயில் வருவது தாமிரபரணி. பொதிகையில் தெளிந்து பிறக்கும் அந்த அன்னை, புன்னைக்காயலில் கடலைச் சேரும் முன் வழிநெடுக நம் வீட்டுச் சாக்கடைகளை ஏற்கிறாள். நீர்ச் சட்டம் ஆலைகளை மட்டுமன்றி நகராட்சியையும் மாநகராட்சியையும் கட்டுப்படுத்தும். தாமிரபரணியில் சாக்கடை கலப்பதைத் தடுக்கக் கோரிய வழக்கில், உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகள் இருவர் 2024 நவம்பரில் திருநெல்வேலிக்கே வந்து ஆற்றங்கரையை நேரில் பார்வையிட்டார்கள்.

இந்த வழக்குகள் அனைத்திலும் ஒன்றைக் கண்டோம். முதலில் வாய் திறந்தவர்கள் உழவர்களும் சாதாரணக் குடிமக்களுமே. சட்டமும் அதற்கு இடம் தருகிறது. 1988 திருத்தத்தின்படி, 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு எந்தக் குடிமகனும் நீதிமன்றத்தில் முறையிடலாம். 2005 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, நம் ஊர்க் கழிவுநீரை எப்போது அளந்தார்கள், என்ன அளவு வந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கேட்கலாம். 2010 ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அமைந்து, அதன் தென்மண்டல அமர்வு சென்னையில் இயங்குகிறது.

பெற்றோர்களே, தோழியரே! நீரைக் கெடுப்பதற்குக் கெட்ட மனம் வேண்டுவதில்லை. நாங்கள் கனகாம்பரத்தைக் கொல்ல எண்ணியா வாளியைக் கவிழ்த்தோம்? எண்ணாமல் கவிழ்த்தோம். அந்த எண்ணாமையைத் தடுப்பதற்கே அளவும், இசைவாணையும், முத்திரையிட்ட கலமும் வேண்டியிருக்கின்றன.

இவ்வாண்டு விழாவிற்கும் உடைகளுக்குச் சாயம் ஏற்றினோம். முதல் துணிகளுக்குப் பயன்படுத்திய நீரிலேயே இரண்டாம் தவணைத் துணிகளையும் முக்கியதால், வெளிர் நிறம் வேண்டியவர்களுக்கு வெளிர் நிறமே கிடைத்தது. மிஞ்சிய நீரை அகன்ற தட்டுகளில் ஊற்றி மொட்டை மாடியில் வெயிலில் வைத்தோம். நான்கு நாளில் நீர் வற்றி, இளஞ்சிவப்பு உப்பு அடியில் படிந்தது. அதைச் சுரண்டி ஒரு பாட்டிலில் அடைத்து, அறிவியல் கூடத்து அலமாரியில் வைத்திருக்கிறோம். அதை என்ன செய்வது என்று எங்களுக்கு இன்னும் தெரியவில்லை. பாத்தியில் மட்டும் கொட்டுவதில்லை என்று தாத்தாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம்.

— பத்தாம் வகுப்பு மாணவி